இரவல் பிள்ளைகள் வேண்டாம் என்ற அக்கா

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கிச் செல்லும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அட்டைப் படத்தில் அக்கா கோபமாக இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். கோபமெல்லாம் இல்லை. வகுப்பு நடக்கும்போது வெளியே கூப்பிட்டு நிற்க வைத்துப் படம் எடுத்தால் அக்காவின் முகம் அப்படித்தான் இருக்கும்.

அக்கா பிறந்தது மண்ணச்சநல்லூரில். அப்பா அங்கே ஓர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்த ஆண்டே அப்பா காலமானார். அம்மாவும் நானும் அக்காவின் சம்பளத்தை நம்பி ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தோம். என்னைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அக்காதான். அத்தானை மணக்கும்போது அக்கா போட்ட ஒரே நிபந்தனை, வேலையை விடமாட்டேன் என்பது. அவர் மறுத்திருந்தால் வேறு மாப்பிள்ளைதான் பார்த்திருப்போம். இதை அத்தானின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி, உறையூர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த நகராட்சிப் பெண்கள் பள்ளிக்கு அக்கா போவார். ஓடு சரிந்த கட்டடம். மழை பெய்தால் இரண்டு வகுப்புகள் ஒரே மூலையில் ஒண்டிக்கொள்ளும். சுற்றிலும் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் வீடுகள். சிறுமிகள் பலர் பெயரளவில் பள்ளியில் இருந்தார்கள். பகலெல்லாம் வீட்டில் பட்டறைச் சக்கரம் சுற்றினார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் பிள்ளைகள் குறைந்தால், பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பார்கள். வராத பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டால் வந்த பிள்ளை ‘உள்ளேன் அம்மா’ சொல்லும். அக்கா உதவி ஆசிரியையாக இருந்தபோது ஒரு முறை இப்படி ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார். சரசு என்ற பெயருக்கு யாரோ ஒரு பெண் எழுந்து நின்றது. நிஜமான சரசு அந்நேரம் தண்ணீர்க் குடத்தோடு சன்னலோரம் போய்க்கொண்டிருந்தாள். சட்டென்று நின்று, “டீச்சர், சரசு நான்தானே!” என்று கத்திவிட்டாள். நல்ல வேளையாக இன்ஸ்பெக்டரம்மா அடுத்த வகுப்புக்குப் போயிருந்தார். மற்ற ஆசிரியைகள் சிரித்தார்கள். அக்கா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு அக்காவே தலைமை ஆசிரியை ஆனார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் மூத்த உதவி ஆசிரியை வந்து நின்றார்.

“பெரிய டீச்சர், மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிட்டேங்க. காலையிலேயே பிள்ளைங்கள அனுப்பிடுவாங்க.”

“வேண்டாங்க. அதுங்க சாயங்காலம் அதுங்க வீட்டுக்குப் போயிடும். நம்ம பிள்ளைங்க சக்கரத்துக்கிட்டயே கிடக்கும்.”

“பள்ளிக்கூடத்தையே மூடிட்டா என்னங்க பண்ணுவீங்க?”

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் பேச்சு ஊரெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

மறுநாள் இன்ஸ்பெக்டரம்மா வந்து காலிப் பலகைகளைப் பார்த்தார். “போன வருஷம் நிறைஞ்சு இருந்துச்சே?” என்று கேட்டார்.

“அதுல பாதி எங்க பிள்ளைங்க இல்லைங்கம்மா,” என்றார் அக்கா.

“அப்போ இந்தப் பள்ளிக்கூடம் எதுக்கு? மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்தோட சேர்த்துடலாமே.”

“மெயின் ரோட்டைத் தாண்டி இங்க யாரும் பொம்பளப் பிள்ளைய அனுப்ப மாட்டாங்க. நீங்களே வந்து கேட்டுப் பாருங்க.”

இன்ஸ்பெக்டரம்மாவைத் தெருவுக்கே அழைத்துப் போய்விட்டார் அக்கா. சரசுவின் அம்மா கையிலிருந்த கல்லைக் கீழே வைக்காமலே பேசினார். “இவ சக்கரம் சுத்தலைன்னா மத்தியானம் அடுப்பு எரியாதுங்க. வெறும் வயித்தோட வந்து படிக்கச் சொல்றீங்களா?”

“மத்தியானச் சாப்பாடு நான் போட்டா அனுப்புவீங்களா?”

“போடுங்க, பார்க்கலாம்.”

இன்ஸ்பெக்டரம்மா அக்காவிடம், “அடுத்த தடவை நான் வர்றதுக்குள்ள செஞ்சு காட்டுங்க. இல்லைன்னா சேர்த்துடச் சொல்லி எழுதிடுவேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாடு போடுவதாகச் சொல்லிவிட்டாரே தவிர, எப்படிப் போடுவது என்று அக்காவுக்கே தெரியாது. யாரிடமும் கைநீட்டாத அக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு மண்ணச்சநல்லூரில் மில் மில்லாக ஏறி இறங்கினார். அப்பாவை அறிந்தவர்கள் நொய் அரிசி கொடுத்தார்கள். திருவானைக்காவல் காய்கறிக் கடைக்காரர் ஒருவர் விற்காத பூசணியை அனுப்பினார். அம்மாக்கள் முறை போட்டுச் சமைத்தார்கள். முதல் நாள் கஞ்சி கரிந்துவிட்டது. இருந்தும் பிள்ளைகள் அண்டாவை வழித்துச் சாப்பிட்டார்கள். சரசுவின் அம்மா சமையல் முறைக்கு வந்தவர், மகளின் வகுப்பு வாசலில் நின்று பாடம் கேட்பார். அக்கா ஒரு நாள் அவரிடமும் ஒரு சிலேட்டைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த முறை இன்ஸ்பெக்டரம்மா தாமே ஆஜர் எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தப் பிள்ளையே எழுந்து நின்றது. சரசு மட்டும் தேவைக்கு மேல் உரக்கச் சொன்னாள். பள்ளி பிழைத்தது. பிறகு அரசாங்கமே மதிய உணவுக்கு உதவ ஆரம்பித்தது. பள்ளிகளை ஊர்மக்களே சீரமைக்கும் இயக்கமும் வந்தது. பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஓடு மாற்றிக் கொடுத்தார்கள். மெயின் ரோட்டுப் பள்ளியிலிருந்து ஆள் வந்து, இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பிள்ளைகளை இரவல் கேட்ட நாளும் வந்தது. “பிள்ளைங்கள தர மாட்டேன். நானே வரேன், வீடு வீடாப் போய்க் கூப்பிடுவோம்,” என்று அக்கா கிளம்பிவிட்டார். எனக்கு அக்காவாக வாய்த்தவர் இவர் என்பதில் அன்று போல் நான் என்றும் பெருமைப்பட்டதில்லை.

சென்ற ஆண்டு வயிற்றில் கட்டி வந்து அக்கா படுத்தார். கடைசி வாரம்வரை பார்க்க வந்த ஆசிரியைகளிடம் யார் யார் வரவில்லை என்றுதான் விசாரித்தார். விடியற்காலையில் உயிர் பிரிந்தது. செய்தி கேட்டுப் பள்ளியிலிருந்து ஓடிவந்த மூத்த உதவி ஆசிரியை, “இன்னிக்கு லீவு விட்டுடறோம்மா,” என்று அழுதார். அத்தான் என்னைப் பார்த்தார். “விடாதீங்க. அக்கா ஒத்துக்க மாட்டாங்க,” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஆசிரியை பஸ் பிடித்துத் திரும்பிப் போனார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், இரவெல்லாம் துணை இருந்தவர்களுக்கும், காவிரிக்கரை வரை உடன் வந்தவர்களுக்கும், துக்கம் கேட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆனால் எங்கள் பெரிய நன்றி, அன்று அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வராதவர்களுக்கு. மணி அடித்து, பெயர் கூப்பிட்டு, மத்தியானச் சோறு போட்டு, சாயங்காலம்வரை வகுப்பு நடத்திய அந்த ஆசிரியைகளுக்கும், ஒருவர் பாக்கியில்லாமல் வந்து உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கும்.