முப்பத்தோராம் நாள் வந்த மூக்கொழுகல்

சென்ற ஆண்டு, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மாதங்களில், மலேசியாவில், கலும்பாங்கில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அக்காவுக்கு இரண்டாவது குழந்தை, ஆண். சில வாரங்கள் முன்னதாகவே பிறந்துவிட்டான். கையில் வாங்கினால் மடித்த துண்டைத் தூக்குவது போலத்தான் இருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: சளி, இருமல் உள்ளவர்கள் யாரும் பக்கத்தில் வரக் கூடாது.

எனக்கு அது போதாதா? அம்மாவோடு அக்கா வீட்டிலேயே தங்கி, ரவாங்கில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வருபவள் நான். ஒன்றைப் பிடித்தால் முழுதும் படித்து முடிக்காமல் விடமாட்டேன். கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஆர்.எஸ்.வி. என்று ஒரு கிருமியாம். நமக்கு வெறும் சளியாக வந்து போய்விடும். பச்சைக் குழந்தைக்கோ நுரையீரலின் நுண்ணிய குழாய்களையே அடைத்துவிடுமாம். அன்றிலிருந்து வீட்டில் என் ராஜ்ஜியம்தான். குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை போடக் கூடாது என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிகரெட் பிடித்துவிட்டு வந்தால் சட்டை மாற்றாமல் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று அத்தானிடம் சொன்னேன். "இவ சித்தி இல்ல, வேல வாங்குற மண்டோரு," என்று சிரித்தார். ஆனாலும் மாற்றிக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க வீட்டிலேயே ஏற்பாடு. வாசலில் சோப்பும் முகக்கவசப் பெட்டியும் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கோவிட்டு முடிஞ்சி போச்சு தங்கச்சி, ஒனக்கு யாரும் சொல்லலையா?" என்றார் அத்தானின் நண்பர் ஒருவர்.

"பிள்ளைய பாக்க வந்தமா, ஆபரேஷன் பண்ண வந்தமா லா?" என்றது பின்னாலிருந்து இன்னொரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கை கழுவினார்கள்.

அத்தான் வீட்டு வழக்கப்படி குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவர் அத்தை. அத்தானின் மூத்த சகோதரி அதற்காகவே தஞ்சோங் காராங்கிலிருந்து புதுப் புடவையில் வந்திருந்தார். குழந்தையை வாங்கக் கை நீட்டியவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு முறை இருமினார். அக்கா கொடுக்கப் போன குழந்தையை அப்படியே தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டரு சொல்லியிருக்காரு..."

"கார்ல ஏர்கோன்ல வந்தது, தொண்ட காஞ்சி போச்சும்மா. சளியெல்லாம் ஒண்ணுமில்ல."

"இருந்தாலும் அண்ணி."

அம்மாதான் ஒரு வழி சொன்னார். மூத்தவள், மூன்று வயதுப் பாப்பா, தம்பிக்குப் பெயர் சொல்லட்டுமே. எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. கைப்பேசிகள் உயர்ந்தன. அம்மா தன் முந்தானையால் பாப்பாவின் மூக்கைத் துடைத்துவிட்டு அவளைத் தூக்கிப் பிடித்தார். பாப்பா தம்பியின் காதோடு வாய் வைத்து, மூன்று முறையோடு நிறுத்த மாட்டேன் என்று பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு கன்னத்தில் எச்சில் ஒட்ட ஒரு முத்தம். நாங்கள் கை தட்டினோம்.

அந்த மூக்கை நானும்தான் பார்த்தேன். தாஸ்காவுக்கு, அதாவது குழந்தைக் காப்பகத்துக்கு, போகிற பிள்ளை. தினம் இருபது பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வருகிறாள். மூக்கு ஒழுகாமல் இருக்குமா? வீட்டுப் பிள்ளையாயிற்றே, எங்கள் யார் கண்ணிலும் அவள் வெளியிலிருந்து வருபவளாகவே படவில்லை. அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கிளம்பிப் போனார்.

சில நாட்களில் பாப்பாவுக்கு லேசான காய்ச்சல். அதோடு ஓடி ஆடித் திரிந்தாள். அடுத்து தம்பிக்கு மூக்கடைப்பு. இரண்டு வாய் பால் குடிப்பான், விட்டுவிடுவான். அழுகை பூனைக்குட்டி சத்தமாகக் குறைந்தது. ஒரு காலையில் அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. மூக்குத் துளைகள் விரிந்து விரிந்து சுருங்கின.

"சளி கட்டியிருக்கு. வெத்தில வாட்டி நெஞ்சுல போட்டா சரியாயிடும்," என்றார் அம்மா.

"வேணாம்மா. இப்பவே கெளம்பணும்," என்றேன். அக்கா செருப்புகூடப் போடாமல் காரில் ஏறினாள்.

கோலா குபு பாரு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பரிசோதித்துவிட்டு அங்கிருந்த டாக்டர் அந்த மூன்று எழுத்தைச் சொன்னார். வாரக்கணக்கில் நான் வாயில் போட்டு மென்ற வார்த்தை, இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னேன். இந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது, ஆக்சிஜன் கொடுத்து, சளியை உறிஞ்சி எடுத்து, குழாயில் பால் கொடுத்து, அவன் உடம்பே ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிக்கலாம் என்றார்.

"யாருகிட்டேருந்து டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. வீட்டில வேற சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"மூத்தவ இருக்கா டாக்டர். தாஸ்கா போறா," என்றாள் அக்கா.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? பெரிதாக எதுவும் நடக்காது. அக்கா ஒரு நாற்காலியில். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பகலில் வந்து அவளைக் குளிக்க அனுப்புவேன். மிஸி, அதாவது நர்ஸ், வந்து மூக்கில் குழாய் விட்டுச் சளி எடுப்பார். அவன் முகம் கறுத்துச் சுருங்கும், அழச் சத்தம் வராது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு மறுபடி மூச்சைக் கவனிப்பது, மறுபடி குழாய்.

பாப்பாவை அத்தைதான் அழைத்துப் போய் வைத்துக்கொண்டார். "எங்க வீட்ல கைப்பிள்ள யாருமில்ல, இங்கயே இருக்கட்டும்," என்று அவரே போனில் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா அழ ஆரம்பித்தாள்.

"அண்ணி, அன்னிக்கு நான்..."

"அத விடு லா. நீ சாப்ட்டியா, இல்லையா?"

பின்னாலிருந்து பாப்பா கைப்பேசியைப் பிடுங்கினாள். "தம்பி எப்பம்மா வருவான்? நான் முத்தம் குடுக்கணும்." அக்கா கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒருவழியாக மூச்சு தணிந்தது. ஆக்சிஜனைக் குறைத்தார்கள், பிறகு பால் குழாயை எடுத்தார்கள். "மெதுவா குடுத்துப் பாருங்க," என்றார் மிஸி. உறிஞ்சினான், களைத்து நின்றான், மறுபடி உறிஞ்சினான். அவன் குடித்து முடிக்கும் முன்பே அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். அவன் நழுவிவிடாமல் தலைக்கு அடியில் என் கையை வைத்துக்கொண்டேன். சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது கர்ப்பிணிகளுக்கே இதற்குத் தடுப்பூசி வந்திருக்கிறது, கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள் என்று நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் மாசமாக இருக்கும் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

தம்பி நன்றாகத் தேறிவிட்டான். பாப்பா மறுபடி தாஸ்காவுக்குப் போகிறாள். வந்ததும் கை கால் கழுவி, உடை மாற்றிய பிறகுதான் தம்பி பக்கம் போகலாம். மூக்கு ஒழுகும் நாட்களில் அதுவும் கிடையாது. அவள் அழுவாள். ஊராரை வாசலில் நிறுத்தியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆசையாக ஓடிவரும் அக்காக்காரியைப் பாதி வழியில் பிடித்து நிறுத்துவதில் பெருமை ஒன்றும் இல்லை, அலுப்புதான் இருக்கிறது, ஆனாலும் நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.