தொட்டிக் கணக்கும் கல்யாண பிரியாணியும்

பள்ளியில், படிவம் இரண்டு வகுப்பில் ஒரு கணக்கு வரும். ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொன்று காலி செய்யும். தொட்டி எப்போது நிறையும்? காலி செய்கிற குழாயை மூடிவிட்டால் என்ன என்று கேட்டேன். வகுப்புக்கு வெளியே நின்று யோசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. பதில் தெரிய, லுக்குட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாகக் கணக்கு எழுதியே நான் நரைக்க வேண்டியிருந்தது.

டிராக்டர் ஓட்டும் முனியாண்டியின் மகளுக்கு அன்று இரவு தோட்டத்து மண்டபத்தில் கல்யாண விருந்து. காலை பத்து மணிக்கு ஊர்க் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கைக்கு எட்டியது நர்சரித் தொட்டி ஒன்றுதான். அதிலும் தண்ணீர் அடியைத் தொட்டிருந்தது. கிணற்று பம்ப் மணிக்கு 900 லிட்டர் ஏற்றும். செம்பனைக் கன்றுகளுக்குப் போகும் நான்கு பைப்பும் தலைக்கு 150 லிட்டர் இழுக்கும்.

“ஆயிரத்து எண்ணூறு லிட்டர், ரெண்டு மணிக்குள்ள வேணும் லா,” என்றார் சமையல்காரர் காதர் பாய்.

“கிராணியாரே, வந்த சனத்த பசியோட அனுப்பிட்டு நான் எப்படி இங்க தலைகாட்டுறது?” என்றார் முனியாண்டி.

நர்சரி சூப்பர்வைசர் புஷ்பாவிடம் என் பழைய யோசனையையே சொன்னேன்: பைப்பை மூடு.

“இந்த வெயில்ல ரெண்டு மணி நேரமா? கல்யாணம் ஒரு நாளு. கன்னு இருபத்தஞ்சு வருசம் காய்க்கணும், அண்ணே.”

சரி, படித்தவன் என்று காட்டும் நேரம். செங்கல் துண்டால் தொட்டிச் சுவரில் எழுதினேன். ஏறுவது 900, இறங்குவது 600, தங்குவது 300. 300x = 1800. x = 6. அதாவது மாலை நான்கு மணி. விடை சரி. அதனால் யாருக்கும் பயனில்லை.

“நாலு மணிக்கு அரிசி போட்டா, ராத்திரிக்கு உங்க x-ஐத்தான் பரிமாறணும்,” என்றார் காதர் பாய்.

புஷ்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு மணி மாறாதுல்ல? அப்புறம் ஏன் மணிய x-னு வச்சீங்க? பைப்ப x-னு வைங்க.”

செங்கல்லை அவளிடமே கொடுத்தேன். 4(900 − 150x) = 1800 என்று எழுதினாள். x = 3. மூன்று பைப் ஓடட்டும், ஒன்று மூடியிருக்கட்டும். மணிக்கு ஒன்றாக மாற்றி மூடினால் எந்தப் பாத்திக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாகமில்லை.

கைபேசியில் அலாரம் வைத்து, நான்கு வால்வையும் அவளே முறை வைத்து மூடித் திறந்தாள். இரண்டு மணிக்கு அண்டாக்கள் நிறைந்தன. கன்று ஒன்றும் வாடவில்லை. இரவு, முதல் தட்டை முனியாண்டி மணமக்களைத் தாண்டிக்கொண்டு போய் புஷ்பாவிடம் நீட்டினார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: புத்தகத்தில் எது x என்று எழுதியவர்களே சொல்லிவிடுவார்கள். வேலையில் அதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாறாததை எண்ணாக எழுதுங்கள். நம் கைக்கு அசைகிற வால்வு எதுவோ, அதை x என்று வையுங்கள்.