பலகையில் சாய்த்த சைக்கிள்

எண்பதுகளில் தர்மபுரிக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். என் சைக்கிளுக்கு ஸ்டாண்டு உடைந்திருந்தது, மாற்றக் காசில்லை. கடைக்கு எதிரே சாய்க்கத் தோதாக ஒரே ஒரு கம்பம். அதில்தான் ‘இங்கே வண்டி நிறுத்தாதே’ என்ற பலகை இருந்தது. இரண்டு முறை அபராதம் கட்டினேன். மூன்றாவதும் கட்டினால் வீட்டில் அரிசிக்கு வழியில்லை.

“யோவ், போர்டு கண்ணுக்குத் தெரியலையா?” என்றார் போலீஸ்காரர்.

“தெரியுதுங்க ஐயா. அது இல்லாட்டி வண்டி உழுந்துருமுங்க.”

அவர் சிரித்துவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஸ்டேஷனுக்குத்தான் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் கடையில் போய் நின்று, “இவனுக்கு ஒரு ஸ்டாண்டு மாட்டுய்யா, காசு நான் தர்றேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும் வண்டியை அங்கேயே நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, கையெடுத்துக் கும்பிடுவேன்.

“யோவ், நடுரோட்டுல நிறுத்தாத, ஓரமாப் போய்யா!” என்று கத்துவார்.