லீவு முடிஞ்சி இருவத்திரெண்டு நாளு

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனவன். படிச்சேன்னு சொல்லல, போனேன். அதனால இத்த நான் எழுதல. போன்ல பேசறேன், அதுவே எழுதிக்குது. தப்பு எதுனா இருந்தா போன திட்டுங்க. எங்க வூட்டுல நான் பேசறத கடசி வரைக்கும் கேக்கறது இப்ப அது ஒண்ணுதான்.

கேஜிஎஃப்ல, தங்க சொரங்கம் இருந்த ஊருல, சாம்பியன் ரீப்ஸ் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டறேன். காத்தால அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா, பெங்களூரு ட்ரெயினுக்கு போற ஜனங்கள லைன் லைனா அள்ளிக்கினு போயி ஸ்டேஷன்ல கொட்டணும். சாயங்காலம் அதே ஜனங்கள, கொஞ்சம் கசங்கி வந்திருக்கும், திருப்பி அள்ளிக்கினு வந்து வூட்டு வாசல்ல உடணும். நடுவுல பெருசா வேல இல்ல. சீட்டு கிழிஞ்ச ஆட்டோ, ஹாரன் அமுக்கினா இருமும். ஆனா வேற ஆட்டோ காலியா நின்னாலும் ஜனங்க எனக்காக நிப்பாங்க. தமாஷுக்குத்தான். "இன்னாண்ணே, இன்னிக்கி இன்னா நியூஸு?"ன்னு கேட்டுக்கினேதான் ஏறுவாங்க. ஸ்டேஷன் போறதுக்குள்ள நாலு தடவ சிரிக்க வச்சிடுவேன். பாதி என்ன பத்தி, பாதி என் பொண்டாட்டிய பத்தி. வேற யாரயாவது சொன்னா அடி உழும்.

அவ ஐடிஐ படிச்சவ. ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில ஏழு வருஷமா வேல. வெரல் நகத்தளவு போர்டுங்கள லென்ஸுக்கு அடியில வச்சி, எங்க பழுதுன்னு கண்டுபுடிக்கணும். அவ மேசையில ஆறு பொண்ணுங்க, அவதான் லீடரு.

"ஊரு உலகத்து பழுதெல்லாம் கண்டுபுடிக்கறியே ம்மே, என்ன எப்படி ஓகே பண்ண?"ன்னு கேப்பேன்.

"அன்னிக்கி லென்ஸு எடுத்துக்கினு வரல மாமா"ன்னுவா.

போன வருஷம் பொண்ணு பொறந்தா. கம்பெனியில ஆறு மாசம் லீவு, முழு சம்பளத்தோட. மைன்ஸ்காரங்களுக்கு கட்டன எங்க லைன் வூடுங்கள்ல இத்த யாரும் நம்பல. வூட்டுல குந்திக்கினு இருக்கறவங்களுக்கு துட்டு வந்தா, எங்க ஊரு ஆளுங்களுக்கு அதுக்கு ஒரே பேருதான் தெரியும், செட்டில்மென்ட்டு. மைன்ஸ் மூடனப்போ எல்லாரும் ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டாங்க, துட்ட வாங்கினாங்க, குந்துனாங்க. எங்க நைனா குந்துனவரு அப்பால எழுந்திருக்கவே இல்ல. துட்டு வாங்கிக்கினு திரும்ப வேலைக்கி போறது எங்க ஜனங்களுக்கு பழக்கம் இல்லாத விஷயம்.

பக்கத்து வூட்டு மாமா, அந்த காலத்துல சொரங்க ஷாஃப்ட்ல எறங்கி காது மந்தமானவரு, தெனமும் செவுத்துக்கு அந்தாண்ட இருந்து கேப்பாரு.

"இன்னாடா, கடசி சம்பளம் வாங்கிக்கினு வேலைய வுடறேன்னு பேப்பர் போட்டுடுவாளா?"

"இல்ல மாமா, போவப்போறா."

"ஆங், போட்டுட சொல்லு. அதான் நல்லது."

காது மந்தம்தான். ஆனா அவருக்கு வேண்டியது மட்டும் எப்படியோ கேட்டுடும்.

அவளுக்கு அந்த நெனப்பே இல்ல. ஆஸ்பத்திரி கட்டில்லயே படுத்துக்கினு யாரு எந்த நேரத்துல கொழந்தய பாக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா. காத்தால ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், நான் ட்ரிப் அடிக்கறப்போ பக்கத்து வூட்டு அத்த பாத்துக்கும். மீதி பகல் பூரா நான். லீவு முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எனக்கு பரீட்ச வச்சா. ஆறாம் மாசம் ராகி கஞ்சி காச்சனேன், ஸ்பூன் நிமுந்து நின்னுச்சி. "இது கொழந்தைக்கா, செவுத்துக்கு பூசறதுக்கா?"ன்னா. ரெண்டாவது வாரம் சரியா வந்துடுச்சி. துணி மாத்தறது, தூளி ஆட்டறது, ஏப்பம் வர வைக்கறது, எல்லாத்துலயும் பாஸ். என் வாழ்க்கையில நான் பாஸான பரீட்ச அது ஒண்ணுதான். அந்த வேலையில நான் ஒரு கொறையும் வைக்கல. பழுது வேற எடத்துல.

லீவு முடிய பத்து நாளு இருக்கும். காத்தால ட்ரிப்பு. ஆட்டோ ரொம்பி வழியுது. ஒருத்தரு கேட்டாரு, "அண்ணே, அண்ணி எப்ப வேலைக்கி திரும்பறாங்க?"

நான் கண்ணாடிய பாத்தேன். எல்லார் மூஞ்சியும் சிரிக்க ரெடியா இருந்துச்சி. அந்த மூஞ்சிங்கள பாத்தா எனக்கு வாயி நிக்காது.

"இன்னாத்துக்கு திரும்பணும்? இப்ப கம்பெனிதான் எங்க பாப்பாவுக்கு தாய்மாமன். சீரெல்லாம் ஒழுங்கா வருது. கடசி சீரு வந்ததும் மாமனுக்கு டாட்டா காட்டிடுவோம்"ன்னேன்.

ஆட்டோவே குலுங்குச்சி. ஓரத்துல குந்தியிருந்த ஒரு பொண்ணும் சிரிச்சா. அதே கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல வேல செய்யற பொண்ணு. எனக்கு தெரியும், அவ அங்க வேல செய்யறது எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சிக்கினேதான் பேசனேன். ஏன்னா அந்த பொண்ணு சிரிக்கறது கஷ்டம், அன்னிக்கி சிரிச்சா.

லீவு முடிஞ்சி மொத நாளு. புதுசா தச்ச சுடிதாரு போட்டுக்கினு போனா. சாயங்காலம் ஸ்டேஷன்ல எறங்கி வரும்போதே தெரிஞ்சிச்சி. முன் சீட்டுல ஏறல, பின்னாடி ஜனங்களோட குந்திக்கினா. வூட்டுக்கு வந்து கொழந்தைக்கு பால் குடுத்துக்கினேதான் சொன்னா. அவ மேசையில வேற பொண்ணு லீடரா கீது. இவள பேக்கிங்குல போட்டுட்டாங்க. அதுவும் செகண்ட் ஷிஃப்ட்டு, மதியம் ரெண்டு மணிக்கு ஏறினா ராத்திரி பத்தரைக்குத்தான் வுடுவாங்க. அதுக்கு மேல கேஜிஎஃப்புக்கு ட்ரெயினே கெடயாது.

"நீ எப்படியும் வேலைய வுட்டு நிக்கப்போறவதான, மேசைய ஒன்ன நம்பி எப்படி உடறதுன்னு சூப்பர்வைசர் கேக்கறாரு. நான் யாருகிட்டயும் அப்படி சொல்லவே இல்லியே மாமா. எவ சொல்லியிருப்பா?"

அந்த எடத்துலதான் சொல்லியிருக்கணும். நான் அப்ப கொழந்தையோட சொக்காய மடிச்சிக்கினு இருந்தேன். ஒரே சொக்காய நாலு தடவ மடிச்சேன்.

"அந்தாளுக்கு ஜோசியம் தெரியும்போல"ன்னேன்.

அவ சிரிக்கல. நானும்தான்.

அப்பால வந்த நாளுங்க பேஜாரு. ஷிஃப்ட்டு முடிஞ்சி கம்பெனி கிட்டயே ஒரு பொண்ணோட ரூம்ல படுத்துட்டு, காத்தால ட்ரெயின் புடிச்சி ஒம்போது மணிக்கு வருவா. பதினோரு மணிக்கு திரும்ப கெளம்பணும். நடுவுல ரெண்டு மணி நேரம் கொழந்த. அதுல ஒரு மணி நேரம் கொழந்த தூங்கும். எழுப்பவும் மாட்டா, பக்கத்துல படுத்து பாத்துக்கினே இருப்பா. பாலு கட்டிக்கினு வலிக்குதுன்னு அத்த கிட்ட சொன்னது என் காதுல உழுந்துச்சி. ராத்திரி பூரா கொழந்தயோட முழிச்சிக்கினு கெடந்ததுல எனக்கும் காத்தால ட்ரிப்பு போச்சி. கொழந்தய தூளியில போட்டுட்டு வாசல்ல குந்தியிருப்பேன். ஜனங்க வேற ஆட்டோவுல போறத பாப்பேன்.

மூணாவது வாரம் ராஜினாமா பேப்பர் எழுதிட்டா. எழுதி, சாப்பாட்டு பையில டப்பாவுக்கு அடியில வச்சிக்கினா. தெனமும் எடுத்துக்கினு போவா, தெனமும் குடுக்காம எடுத்துக்கினு வருவா. "இன்னும் ஒரு வாரம் பாக்கறேன் மாமா. ஏழு வருஷத்த சும்மா எப்படி வுடறது"ன்னா.

ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு. திங்கக்கெழம காத்தால, ஆர்டிஓ ஆபீஸ்ல ஆட்டோவுக்கு எஃப்சி வேல கீது, பதினோரு மணிக்குள்ள வந்துடறேன்னு பொய் சொல்லிட்டு மொத ட்ரெயின் ஏறினேன். நேரா அவ கம்பெனிக்கி. நானே போயி, சார், அது என் வாயி, அவ வாயி இல்லன்னு சொல்லிட்டா சரியாயிடும்னு நெனச்சேன்.

கேட்டுல செக்யூரிட்டி என் காக்கி சொக்காய பாத்துட்டு, "ஆட்டோ உள்ள வராது"ன்னான். ஆட்டோவே கொண்டாரலப்பான்னு சொல்லி புரிய வச்சி, போன வாங்கி வச்சிக்கினு உள்ள உட்டான். உள்ள போன் எடுத்துக்கினு போவக்கூடாதாம். ஒரு நாற்காலியில எட்டு மணிக்கு குந்துனேன். இதோ வந்துடுவாரு, இதோ வந்துடுவாருன்னு சூப்பர்வைசர் வரும்போது பதினொண்ணே முக்கால்.

கன்னடக்காரரு, தமிழும் நல்லா பேசறாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். ஆட்டோ, தாய்மாமன், சீரு, டாட்டா. சொல்லும்போதே அவரு சிரிச்சிட்டாரு. பாழா போன என் வாயி, மன்னிப்பு கேக்கும்போது கூட தமாஷாதான் வருது.

"அந்த பேச்சு என் காதுக்கும் வந்துச்சிப்பா"ன்னாரு. "ஆனா அது மட்டும் இல்ல. இவங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு. லீவு முழுசா எடுத்தாங்க, வந்து ஒரே வாரத்துல பேப்பர் குடுத்துட்டு போயிட்டாங்க. மேல இருக்கறவங்க என்னைத்தான் கேக்கறாங்க. அந்த பொண்ணுங்கள தப்பு சொல்லல, கொழந்த பாக்க ஆளு இல்ல, போயிட்டாங்க. உங்க வூட்டுல யாரு பாக்கறது?"

"நான்தான் சார். கஞ்சி கூட நான்தான் காச்சறேன்."

அவரு என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. "நெஜமாவா? சரி, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு மேல கேட்டு பாக்கறேன்"ன்னாரு.

எனக்கு காலு தரையில இல்ல. கேட்டுல போன வாங்கி பாத்தா அவகிட்ட இருந்து பதினாலு மிஸ்டு கால். அப்பதான் மணி நெனப்பு வந்துச்சி. நான் திரும்பி போயி கொழந்தய வாங்கணும், அவ பதினொண்ணுக்கு கெளம்பணும். அத்த வூட்டுல ஆளு இல்ல, முந்தின நாளே வேலூர்ல ஒரு சாவுக்கு பூட்டாங்க. போன் போட்டேன். ட்ரெயின் சத்தத்துல ஒரே வார்த்ததான் சொன்னா, "வந்துக்கினு கீறேன்."

ஒன்றரை மணிக்கு கேட்டாண்ட ஆட்டோவுல வந்து எறங்குனா. ஒரு தோள்ல சாப்பாட்டு பை, இன்னொரு தோள்ல கொழந்த. கொழந்த கத்திக்கினு கீது. என்ன பாத்ததும் அப்படியே நின்னுட்டா. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள சூப்பர்வைசர் சாப்ட்டுட்டு வெளிய இருந்து வந்தாரு. கொழந்தய பாத்தாரு. என்ன பாத்தாரு.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க இல்ல?"

"நான்தான் சார் பாத்துக்கறேன்."

"எங்க பாக்கறீங்க? நீங்களும் இங்க இருக்கீங்க, பாப்பாவும் இங்க இருக்கு."

"அது இன்னிக்கி ஒரு நாளு மட்டும் சார்."

அவரு கோவப்படல. பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "இதுவும் தமாஷாப்பா?"ன்னாரு. அவ பக்கம் திரும்பி, "ஆய்த்தும்மா, நோடோணா"ன்னாரு. பாக்கலாம்னு அர்த்தம். பாக்க மாட்டாருன்னு மூணு பேருக்கும் தெரிஞ்சிச்சி. உள்ள பூட்டாரு.

அவ என்ன பாத்தா. லென்ஸுக்கு அடியில போர்ட எப்படி பாப்பாளோ அப்படி.

"எஃப்சி வேல இன்னாச்சி?"

சொன்னேன். நடு ரோட்டுல, செக்யூரிட்டி கேட்டுக்கினு இருக்க, முழுசும் சொன்னேன். இந்த தடவ தமாஷு வரல.

"எத்தன பேரு சிரிச்சாங்க?"ன்னு கேட்டா.

"ஆட்டோ பூராவும்."

கொழந்தய என் கையில குடுத்தா. "புடி"ன்னா. பைய தொறந்து, டப்பாவ ஒதுக்கி, அடியில இருந்த பேப்பர எடுத்து மடிப்ப நீவிக்கினே உள்ள போனா. லீவு முடிஞ்சி அது இருவத்திரெண்டாவது நாளு. அர மணி நேரத்துல வெளிய வந்தா. கழுத்துல கார்டு இல்ல.

பஸ் ஸ்டாப்புல குந்தி கொழந்தைக்கு பால் குடுத்தா. நான் வெயில் படாம நின்னு மறச்சிக்கினு இருந்தேன். கொழந்தைக்கிட்ட பேசற மாதிரி மெதுவா சொன்னா.

"மொத நாளே சொல்லியிருந்தா, மறுநாளு போயி, சார், அது எங்க வூட்டுக்காரரு ஆட்டோவுல சும்மா வுட்டதுன்னு சொல்லியிருப்பேன். அவரும் சிரிச்சிருப்பாரு. நானும் சிரிச்சிட்டு என் மேசையில போயி குந்தியிருப்பேன்."

"பயமா இருந்துச்சி ம்மே."

"தமாஷு பண்ணும்போது பயம் இல்லியா?"

ட்ரெயின்ல, மாலூர் தாண்டி, எங்க லைன் ஆளு ஒருத்தரு பாத்துட்டு, "இன்னாண்ணே, குடும்பத்தோட டூரா?"ன்னாரு. ஆமான்னேன். அவரு மீதி தமாஷ கேக்கறதுக்கு கொஞ்ச நேரம் நின்னுக்கினே இருந்தாரு, அப்பால பூட்டாரு.

இது நடந்து எட்டு மாசம் ஆச்சி. லைன்ல எல்லாரும், அவ நல்ல காரியம் பண்ணா, கொழந்தைக்காக வேலைய வுட்டு நின்னுட்டான்னு பேசறாங்க. பக்கத்து வூட்டு மாமா, நான்தான் யோசன சொன்னேன்னு சொல்லிக்கினு திரியறாரு. அவ யாரையும் மறுத்து பேசறது இல்ல, என்ன காட்டியும் குடுக்கல. வூட்டுல பேசறா, சோறு போடறா, கஞ்சி கெட்டியா இருந்தா சொல்றா. சண்டையெல்லாம் இல்ல.

இப்ப மாசத்துல ரெண்டு மூணு நாளு, காத்தால குளிச்சி, சர்டிபிகேட் பைய எடுத்துக்கினு கெளம்பறா. நான்தான் ஸ்டேஷன்ல எறக்கி வுடறேன். எந்த கம்பெனி, இன்னா வேல, எப்ப சேதி வரும்னு நான் கேக்கறது இல்ல. அவளும் சொல்றது இல்ல.