கதவுக்கு வெளியே நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் மதராஸில் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்துவிட்டுத் திருத்தணி திரும்பினோம். அதில், பண்ணைவீட்டில் தனியாக இருக்கும் பெண்ணிடம், "உன் புருஷனுக்கு அடிபட்டுவிட்டது" என்று சொல்லிக் கதவைத் திறக்கவைத்து, ஒருவன் அவளை வெட்டிக் கொல்வான்.

மறுநாள் மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். முன்பின் தெரியாத ஆள், சட்டையெல்லாம் ரத்தம்.

"அம்மா, மலையடிவாரத்துல உங்க ஊட்டுக்காரர திருப்பதி பஸ்சு இடிச்சிட்டுதும்மா. அவருதான் ஊட்டுக்கு வழி சொன்னாரு. ஓடியாங்க!"

"போய்டு! ஊரைக் கூட்டிடுவேன்!" என்று கத்தி, ஜன்னலையும் சாத்தினேன். அவர் கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு ஓடினார்.

பிறகு பக்கத்து வீட்டு அக்கா அழுதுகொண்டே வந்து சொன்னபோதுதான் நம்பினேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் கணவர் இறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அதே ரத்தச் சட்டையோடு அந்த ஆள் நின்றிருந்தார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை.

"உங்களத்தான் கேட்டுகினே இருந்தாரும்மா. 'வந்துகினு இருக்காங்க'ன்னு சொல்லிட்டு, நான்தான் கையப் புடிச்சிகினு இருந்தேன்."

பயந்தது தப்பில்லை என்றுதான் இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டியவள் நான்.