சாம்பல் பூசாத கருப்பு

கமலாட்சிக்குப் படக்கதைப் பித்து பிடித்தது பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பன்சொடான் தெரு நடைபாதையில். அங்கே பழைய அமெரிக்கப் படக்கதைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவற்றில் ஒன்றில் ஒரு கருப்பு வீரன் பறந்துகொண்டிருந்தான். பள்ளியில் நிறத்துக்காகக் கேலி கேட்டுச் சலித்த பெண்ணுக்கு அது பெரும் விருந்து. அப்படிப்பட்ட வீரர்கள் வரும் கதைகளைத் தேடித் தேடி வாங்கினாள்.

வாங்க வாங்கத்தான் வயிறு எரிந்தது. பல வீரர்களுக்குப் பெயரிலேயே ‘கருப்பு’ என்று ஒட்டியிருந்தது. ஒருவன் சிறையிலிருந்து வருவான், இன்னொருவன் காட்டிலிருந்து. வெள்ளை வீரன் முன்னால் பாய, இவன் பின்னால் ஓடுவான். தோலுக்கு அடித்த நிறமோ ஒரு பக்கத்தில் அடுப்புச் சாம்பல், மறுபக்கத்தில் கத்தரிக்காய். ஆனாலும் அவர்களை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. “இவ்வளவுக்கும் நடுவுல பறக்கிறானே!” என்பாள்.

வளர்ந்து அவளே பர்மிய மொழியில் படக்கதை போடத் தொடங்கினாள். அவளுடைய நாயகி பவுனு, யாங்கோன் ஓரத்து லைங் தாயாவில் தையல் ஆலைக்காரி. கவிழும் பஸ்ஸை ஒற்றைக் கையால் தாங்குகிறவள். நல்ல கருப்பு.

பதிப்பாசிரியர் கோ ஸோ மின் படங்களைப் புரட்டிவிட்டு, பர்மிய மரியாதையோடு ‘மா’ சேர்த்து அழைத்தார். “மா கமலா, கதை அருமை. முகத்தை மட்டும் வெளுப்பாக்குங்கள். கருப்பு அச்சில் அப்பிக்கொள்ளும்.”

“வெளுத்தா அவ வேற ஆளு, சயா. அச்சுல எடுத்துக் காட்டறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க.” அந்த ‘சயா’வும் நம் ‘ஐயா’ மாதிரிதான்.

அச்சகத்தில் மிஷின் ஓட்டும் ஆமிரும் தமிழர்தான். முதல் தாளில் பவுனு முகம் மைத்திட்டாக வந்தது. அடுத்ததில் சாம்பல்.

“கருப்பு மைய ஏத்துனா இப்படித்தான்க்கா.”

“அப்ப அதைக் குறைங்க தம்பி. சிவப்பும் மஞ்சளும் ஏத்துங்க. வெளுக்கக் கூடாது, சூடு வரணும்.”

கணினியில் கன்னத்து வெளிச்சத்தை அவள் மாற்ற மாற்ற, ஆமிர் சளைக்காமல் தாள் ஓட்டினார். சாயங்காலம் வந்த முகம் கருப்பட்டிப் பாகாய்ப் பளபளத்தது. “எங்கம்மா நிறம்க்கா!” என்றார் ஆமிர்.

கோ ஸோ மின் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “இதையே அட்டையில் போடலாம்” என்றார்.

புத்தகம் வந்த வாரம், லைங் தாயாவில் ஒரு பெட்டிக்கடை முன்னால் நின்றாள் கமலாட்சி. ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கருத்த பெண், புத்தகத்தை எடுத்துத் தன் கன்னத்தோடு வைத்துத் தோழியிடம் காட்டினாள். “பார்டி, என் நிறம்!”

கமலாட்சிக்குக் கூச்சமே வரவில்லை. நேரே போய், “அவளை வரைஞ்சது நான்தான்” என்றாள்.

அந்தப் பெண் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “நிறம் என்னுது. மூக்கு உங்களுதுக்கா.”