எங்கள் வீட்டுக்கு வந்த யாத்ரீகர்

எங்கள் வீட்டுக்குள் 'சான்று' என்ற சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான்தான். அதற்கு முன்னால், சாதிச் சான்றிதழுக்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு அலைந்த வாரத்தில் மட்டும் அந்தச் சொல் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் எங்கள் சரித்திர டீச்சர் எடுத்த முதல் பாடமே வரலாற்றுச் சான்றுகள். கல்வெட்டு, செப்பேடு, காசு, வெளிநாட்டு யாத்ரீகர்களின் குறிப்பு. இதில் ஒன்றும் காட்டாமல் யார் எதைச் சொன்னாலும் நம்பக் கூடாது என்றார். ஒரு சான்று இன்னொன்றோடு முட்டிக்கொண்டால் இரண்டையுமே சந்தேகப்பட வேண்டுமாம். எனக்கு அது வேதவாக்காகிவிட்டது. பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் சத்தியம் செய்தபோது, அதற்கு என்ன சான்று என்று கேட்டு அம்மாவிடம் நடுமண்டையில் ஒரு கொட்டு வாங்கினேன்.

இந்தப் பைத்தியத்தை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, பம்பாயில் வேலை என்று மாமா ரயிலேறிவிட்டார். முதலில் மணியார்டர் வந்ததாம், பிறகு கார்டு வந்ததாம், பிறகு ஒன்றும் வரவில்லையாம். அத்தை தன் டிரங்குப் பெட்டியோடு அவனியாபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்போது எனக்குப் பால்பல் விழுகிற வயது. மாமாவின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

சாயங்காலம் அத்தை மாவாட்டும்போது ஆட்டுக்கல்லுக்கு எதிரே உட்கார்ந்து பாடத்தை உரக்க ஒப்பிப்பேன். அவளும் ஐந்தாவதோ ஆறாவதோ படித்தவள்தான். யார் யாரை ஜெயித்தார், எந்த ஊரைப் பிடித்தார் என்பதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஒரு ராஜா வடக்கே படையெடுத்துப் போனார் என்று வந்தால் மட்டும் குழவியை நிறுத்திவிடுவாள். திரும்பி வந்தாரா என்று கேட்பாள். அது புத்தகத்தில் போடவில்லை அத்தை என்பேன். போடாமலா விடுவார்கள், அடுத்த பக்கத்தைப் பார் என்பாள். அடுத்த பக்கத்தில் நிலவரி இருக்கும். அந்தக் குரலுக்காக இன்றைக்கும் மனசு ஏங்குகிறது. என் படிப்பை அப்படிக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு யாருமில்லை.

மாமாவைப் பற்றி நானும் அவளிடம் துருவித் துருவிக் கேட்பேன். வேகமாக நடப்பார். சைக்கிளில் வரும்போது தெருமுனையிலேயே சீட்டி அடிப்பார். வெற்றிலை வாசம் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாணத்து விருந்தில் அத்தை ஆசையாக ஒரு பீடா போட்டுக்கொண்டாளாம். வாயைக் கொப்பளித்துவிட்டு வா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அன்றைக்கு விட்டதுதான் வெற்றிலையை என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருக்காது.

அந்த வருஷம் பங்குனியில் அப்பா ஒரு பேச்சை எடுத்தார். திருமங்கலம் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், அத்தையைக் கேட்டிருந்தார். கட்டின தாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் குறைச்சலான காரியமில்லை. அப்பா கெட்டவரும் இல்லை. தன் காலத்துக்குப் பிறகு தங்கை யார் வாசலில் நிற்பாள் என்ற பயம் அவருக்கு. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள் இல்லையா, அதைத்தான் கெடுவாக வைத்தார்.

"அவன் உசுரோட இருக்கான்னு எவனாச்சும் ஒருத்தன் வந்து சொல்லட்டும், நான் வாயத் தெறக்கல. இல்லேன்னா இந்தச் சித்திரையில நீ அந்தக் கயித்த மாத்த வேணாம்" என்றார்.

அத்தை எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டாள். அத்தை போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னுவது, யாரிடம் ஒப்பிப்பது? அந்த ரைஸ் மில்காரரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவர் நாசமாய்ப் போகட்டும் என்று அன்றாடம் வேண்டிக்கொண்டேன்.

அப்பாவின் வெல்டிங் பட்டறையில் வண்டியை ரிப்பேருக்கு விடுகிற லாரி டிரைவர் ஒருவர் உண்டு. வெங்காயம் ஏற்றிவர நாசிக் வரைக்கும் போகிறவர். மாமாவின் கல்யாணத்தில் சாப்பிட்டவர். போகிற இடத்தில் விசாரித்து வரும்படி அப்பா அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தூரதேசம் போய்த் திரும்பிய யாத்ரீகர், அதுவும் எங்கள் வீட்டு முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மோர் குடிக்கிறார்.

"பாத்தேன்ணே" என்றார். "பம்பாய் ரோட்டுல ஒரு டீக்கடை வாசல்ல நின்னாரு. வெத்தல எச்சியத் துப்பிட்டு நிமிந்தாரு பாருங்க, வாய் அம்புட்டுச் செவப்பு. மூஞ்சி அவரு மூஞ்சிதேன். பின்னால வண்டி கோர்த்து நின்னதால எறங்க முடியல. திரும்பி வாரப்ப பாத்தா ஆளக் காணோம்."

அப்பா மோர்ச் செம்பை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தையைப் பார்த்தார். "அவன் வெத்தல போடுவானா?"

சான்று முட்டிக்கொண்டது. பீடா கதை எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"போடுவாருண்ணே" என்றாள்.

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். ரைஸ் மில்காரருக்கு ஆள் மூலம் பதில் போயிற்று. திருக்கல்யாணத்தன்று சித்திரை வீதிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்று, மஞ்சள் பூசின புதுக்கயிற்றை அத்தை கட்டிக்கொண்டாள். கட்டி முடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் கேட்டேவிட்டேன். மாமாவுக்கு வெற்றிலை வாசமே ஆகாது என்று நீங்கள்தானே அத்தை சொன்னீர்கள்?

"போன எடத்துல பழகியிருப்பாருத்தா" என்றாள். "இத்தன வருசத்துல மனுசன் மாறாமயா இருப்பாரு?"

அடடா, என்ன கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவையும் ஏமாற்றி, ரைஸ் மில்லையும் விரட்டி, இப்போது என்னிடமும் அசராமல் புளுகுகிறாள். சரித்திரப் பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான் வரும், ஆனால் பிழைப்புக்கு இதுதான் சரி என்று பட்டது. எங்கள் இருவருக்கும் ஒரு ரகசியம் இருப்பதில் எனக்குப் பெருமை வேறு. அத்தை பொய் சொன்னாள், நான் காட்டிக்கொடுக்கவில்லை. பெரிய மனுஷியாகிவிட்ட மாதிரி நடந்தேன்.

அதற்கப்புறம் அத்தை கடைக்குப் போகும்போதெல்லாம் வெற்றிலையும் வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமைச் சாமிக்கு என்றுதான் நான் நினைத்தேன். ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைப்பாள். வாடினதைக் கழித்துவிட்டுப் புதிதாக வைப்பாள். கூடவே கொட்டைப்பாக்கும், ஒரு சின்ன டப்பாவில் சுண்ணாம்பும். காய்ந்துபோகாமல் இருக்கச் சுண்ணாம்பில் அவ்வப்போது சொட்டுத் தண்ணீர் விடுவாள். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் கிடையாது. சாமிக்குச் சுண்ணாம்பு வைக்கிற வழக்கமும் கிடையாது. சான்று சான்று என்று தெருவையே உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்த நான், தினமும் அந்தப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன்.